டிஸ்சார்ஜ் அன்று எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு வந்தேன், இப்போது மனசு உறுத்துகிறது

கன்னங்குறிச்சி மகள்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்கு வயது 71. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் எலும்பு முறிந்துவிட்டது. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். மறுநாளே ஆபரேஷன், தொடை எலும்பின் மேல்முனையில் இருக்கும் பந்தை மட்டும் மாற்றினார்கள். அடுத்த நாளே வாக்கரைப் பிடித்து நான்கு அடி நடக்க வைத்தார்கள். அந்த டாக்டரின் கைக்கு நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரி அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "மழை வருது, மாட்டை அவுத்துக் கட்டு" என்று சத்தம் போடுகிறார். எங்கள் வீட்டில் மாடு இருந்ததெல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால். ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டார், போர்வை முழுக்க ரத்தம். சிஸ்டரைக் கூப்பிட்டேன், வந்து ஊசியைச் சரிசெய்தார். ட்யூட்டி டாக்டர் வந்து பார்த்தார், "வயசானவங்க, அப்படித்தான் இருக்கும், கையைப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது, இனி இப்படியேதான் இருக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை, தம்பிக்குச் சொல்லவில்லை. நடைப்பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிப் பெண்தான் பேச்சுவாக்கில், "இந்த வயசில் பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் நிறைய பேருக்கு இந்தக் குழப்பம் வரும்க்கா, பெரும்பாலும் சில நாளில் தெளிஞ்சிடுவாங்க" என்றது. மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

டிஸ்சார்ஜ் அன்று காலை ஒன்பதரைக்கு ரவுண்ட்ஸில் "இன்னைக்குப் போகலாம்" என்றார் டாக்டர். இன்சூரன்ஸ் ஒப்புதல் வரவில்லை வரவில்லை என்று சாயங்காலம் ஆறேமுக்கால் வரைக்கும் உட்கார வைத்துவிட்டார்கள். அப்பா சர்க்கரைக்காரர், சோர்ந்துபோய் பில்லிங் கவுண்டர் பக்கத்தில் சாய்ந்திருந்தார். அப்போதுதான் ஒரு பெண் டேப்லெட்டைக் கொண்டுவந்து நீட்டி, "ஃபீட்பேக் மட்டும் போட்டுடுங்க மேடம், அஞ்சு போட்டீங்கன்னா எங்களுக்கு உதவியா இருக்கும்" என்றது. வரவேற்பறைப் பணிவு, அறைச் சுத்தம், கேன்டீன் சாப்பாடு, பார்க்கிங், பில்லிங், மருத்துவர், செவிலியர், மொத்தத் திருப்தி. எல்லாவற்றுக்கும் ஐந்து. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது அம்மா தெளிவாக இருக்கிறார், வீட்டுக்குள் நடக்கிறார். அப்படியானால் நான் திருப்தியாக இருக்கிறேன் என்றுதானே அர்த்தம்? ஆனால் அந்த ஐந்து பொய் என்று ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. இப்போது போய்ச் சொல்லலாமா? யாரிடம்? பத்து நாளில் ரிவ்யூவுக்குப் போக வேண்டும், சொன்னால் அம்மாவை நடத்துவதில் வித்தியாசம் காட்டுவார்களா என்றும் பயமாக இருக்கிறது.

அம்மாபேட்டை தறி:

சகோதரி, நான் ஒருதடவை உண்மையைச் சொல்லி இரண்டு நட்சத்திரம் போட்டேன், கூகுளில். மறுநாளே போன் வந்தது. சரி, என்ன நடந்தது என்று கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன், ஆனால் "அதைக் கொஞ்சம் எடுத்துவிட முடியுமா சார்" என்றுதான் கேட்டார்கள். மனைவிக்குப் பிரசவமாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, குழந்தையைத் தடுப்பூசிக்கு அங்கேதான் கொண்டுபோக வேண்டும், அதனால் எடுத்துவிட்டேன். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

நைட் ட்யூட்டி:

அக்கா, நான் ஸ்டாஃப் நர்ஸ். 14 வருடமாக வார்டில் இருக்கிறேன், அரசிலும் தனியாரிலும் வேலை செய்திருக்கிறேன், எந்த இடம் என்று சொல்லவில்லை.

முதலில் ஒன்று கேட்கிறேன். அம்மா கண்ணாடி போடுவாரா? காது மெஷின் உண்டா? ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பும்போது வளையல், பல் செட், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி அட்டெண்டர் கையில் கொடுத்துவிடுவோம். திரும்பி வந்ததும் அதையெல்லாம் எடுத்துப் போட்டுவிட யாருக்கும் தோன்றாது, பையிலேயே கிடக்கும். கண்ணும் சரியாகத் தெரியாமல், காதும் கேட்காமல், ராத்திரியா பகலா என்று புரியாத ட்யூப்லைட் வெளிச்சத்தில், வலி மருந்தோடு படுத்திருக்கிற வயசானவருக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? இதற்கு டெலிரியம் என்று பெயர். புத்தி கலங்கிப்போனது வேறு, இது வேறு. இது திடீரென்று வரும், ஏறி இறங்கும், ராத்திரியில் அதிகமாகும். உப்புச்சத்து குறைந்தாலும், சிறுநீரில் கிருமி இருந்தாலும், மலச்சிக்கலாலும்கூட வரும், அதனால் அந்த ட்யூட்டி டாக்டர் வந்து பார்த்தது சரிதான், பரிசோதனைகூடச் செய்திருப்பார். உங்களிடம் உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசவில்லை, அதுதான் தப்பு. கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், பகலில் ஜன்னல் திரையை விலக்குங்கள், இது சேலம், இன்றைக்கு இன்ன கிழமை, ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று அடிக்கடி சொல்லிக்கொண்டே இருங்கள், தெரிந்த முகம் பக்கத்தில் இருக்கட்டும். இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். நீங்களும் பயந்திருக்க மாட்டீர்கள், அம்மாவுக்கும் உதவியிருக்கும்.

ஏன் சொல்லவில்லை என்றும் சொல்கிறேன். சாக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பயிற்சி மருத்துவமனை என்றால் சாதாரண வார்டில் 3 படுக்கைக்கு ஒரு செவிலியர், மற்ற இடங்களில் 5 படுக்கைக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் கணக்கு. நான் ஒரு ராத்திரியில் 34 பேரை இரண்டே பேராகப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு மூச்சுத் திணறும்போது இன்னொருவருடைய மகளிடம் உட்கார்ந்து பேச மனசு இருந்தாலும் கால் நிற்காது. ஆனால் எங்கள் மேலதிகாரிகள் மாதாமாதம் பார்ப்பது "செவிலியர் பணிவு" என்ற கட்டத்தில் என்ன மார்க் என்பதைத்தான். சிரித்துப் பேச வேண்டும் என்று வகுப்பு எடுக்கிறார்கள். சிரிக்கிறோம். எத்தனை பேர் ட்யூட்டியில் இருந்தோம் என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்விகூடக் கிடையாது.

ரிவ்யூவில் வித்தியாசம் காட்டுவார்களா என்றால், நான் பார்த்தவரை இல்லை. சத்தம் போட்டுச் சண்டை பிடித்தவரை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், தாளில் எழுதிக் கொடுத்தவரை வார்டில் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. தைரியமாக எழுதுங்கள்.

கன்னங்குறிச்சி மகள்:

சிஸ்டர், கண்ணாடி என் கைப்பையில்தான் இருந்தது. ஐந்து நாளும். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அதைத்தான் முதலில் நினைத்துப் பார்த்தேன்.

ஓய்வு பெற்றவன் சூரமங்கலம்:

அம்மா, கோபித்துக்கொள்ள வேண்டாம், வயசில் பெரியவன் என்பதால் நேராகச் சொல்கிறேன். என் அம்மாவும் 1988இல் இதே மாதிரி விழுந்தார். அப்போது காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். முதுகில் படுக்கைப் புண், நெஞ்சில் சளி, மூன்றாவது மாதம் போய்விட்டார். உங்கள் அம்மாவை மறுநாளே ஆபரேஷன் செய்து அடுத்த நாளே நிற்க வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் ஐந்து நட்சத்திரம். பேசவில்லை, சொல்லவில்லை, பில்லுக்குக் காக்க வைத்தார்கள் என்பதெல்லாம் இருக்கத்தான் செய்யும். ஆஸ்பத்திரிக்குப் போவது உபசாரத்துக்கு இல்லை, உயிருக்கு. அம்மா நடக்கிறார்களா, அதைப் பாருங்கள்.

படிவம் தயாரித்தவன்:

ஐயா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் இரண்டு மருத்துவமனைகளில் தரப் பிரிவில் ஏழு வருடம் இருந்தவன், இப்போது வேறு வேலை. நீங்கள் சொன்ன மாதிரிப் படிவங்களை நானே தயாரித்திருக்கிறேன், அதனால் இதை எழுதும் கடமை எனக்கு இருக்கிறது.

மருத்துவத் தரம் என்று பேசினால் எல்லோரும் தொடங்குவது அவெடிஸ் டொனபீடியன் என்பவரிடம்தான். பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1966இல் அவர் எழுதிய கட்டுரையில் தரத்தை மூன்று பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்றார். கட்டடம், படுக்கை, ஆட்கள் எல்லாம் இருக்கிறதா என்பது ஒன்று. செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய விதத்தில் செய்தார்களா என்பது இரண்டாவது. நோயாளி கடைசியில் என்ன ஆனார் என்பது மூன்றாவது. ஐயா மூன்றாவதைச் சொல்கிறார். கன்னங்குறிச்சி அக்கா இரண்டாவதில் அடிபட்டு வந்திருக்கிறார். நாங்கள் படிவத்தில் கேட்டது முக்கால்வாசி முதலாவதை, அதிலும் பார்க்கிங்கையும் கேன்டீனையும். ஏன் என்றால் அதைத் திருத்துவது சுலபம். பெயின்ட் அடிக்கலாம், கேன்டீன் காண்டிராக்டரை மாற்றலாம். ராத்திரி ட்யூட்டிக்கு இன்னும் இரண்டு பேரைப் போடுவதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே.

அடுத்து, எப்போது கேட்கிறோம் என்பது. வீட்டுக்குப் போனால் போதும் என்று நிற்கிற மனிதரிடம், பில் கையில் வராத நேரத்தில், அந்த மருத்துவமனை ஊழியரே எதிரில் நின்றுகொண்டு கேட்டால் ஐந்தைத் தவிர என்ன வரும்? அமெரிக்காவில் எச்-கேப்ஸ் என்று நாடு முழுவதற்கும் ஒரே கேள்வித்தாள் இருக்கிறது, 2008இலிருந்து மருத்துவமனை வாரியாக மக்கள் பார்க்கும்படி முடிவுகளை வெளியிடுகிறார்கள். அதில் எனக்குப் பிடித்த இரண்டு விஷயம். ஒன்று, டிஸ்சார்ஜ் ஆகி 48 மணி நேரம் கழித்துத்தான் நோயாளியை அணுக வேண்டும், உள்ளே இருக்கும்போது கேட்கக் கூடாது. இன்னொன்று, கேள்வி கேட்கும் விதம். மொத்தத்தில் எத்தனை மார்க் என்ற ஒரு கேள்வி அங்கேயும் உண்டுதான், ஆனால் பெரும்பாலான கேள்விகள் "திருப்தியா" என்று கேட்பதில்லை. செவிலியர்கள் உங்களுக்குப் புரியும்படி விளக்கினார்களா, புது மருந்து கொடுக்கும் முன் அது எதற்கு என்று சொன்னார்களா, ஒருபோதும் இல்லையா, சில சமயமா, பெரும்பாலுமா, எப்போதுமா என்று கேட்கிறார்கள். நடந்ததைக் கேட்கிறார்கள். இப்படிக் கேட்டிருந்தால் அக்கா அந்த ராத்திரிக்கு ஐந்து போட்டிருக்க முடியாது, "ஒருபோதும் இல்லை" என்றுதான் தொட்டிருப்பார்.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. அரசு மருத்துவமனைகளுக்கு மேரா அஸ்பதால் என்று 2016இல் மத்திய அரசு கொண்டுவந்தது, போய்விட்டு வந்த பிறகு குறுஞ்செய்தியிலோ போனிலோ கேட்கும் ஏற்பாடு. தேசியத் தரச் சான்று வாங்குகிற அரசு மருத்துவமனைகளும் நோயாளிகளிடம் கருத்துக் கேட்டு, எதில் மார்க் குறைவோ அதற்கு என்ன செய்தோம் என்று காட்ட வேண்டும். தனியாரில் என்.ஏ.பி.எச் என்ற தரச் சான்று இருந்தாலும் கருத்துக் கேட்பதும் புகாரைப் பதிவுசெய்வதும் கட்டாயம். அந்தப் புகார்ப் பதிவேட்டைத்தான் ஆய்வுக்கு வருபவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள். அதனால் அக்கா, தாளில் எழுதி, தேதி போட்டு, தரப் பிரிவு அல்லது மருத்துவக் கண்காணிப்பாளர் பெயருக்குக் கொடுங்கள், ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் 4.7, 4.8 என்று வந்த சராசரி மார்க்கைக் கூட்டத்தில் காட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள். ஒரு பக்கத்துக்குக் கையால் எழுதிய கடிதம் வந்தால் அதை யாராவது உரக்கப் படித்தே ஆக வேண்டும்.

அப்புறம், அந்த இன்சூரன்ஸ் காத்திருப்பு. 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, மருத்துவமனை டிஸ்சார்ஜுக்கு ஒப்புதல் கேட்டு அனுப்பியதிலிருந்து 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதலாக ஏதாவது வசூலித்தால் அந்தப் பணத்தை நிறுவனம்தான் ஏற்க வேண்டும். ஆனால் கவனியுங்கள், அந்த 3 மணி நேரம் மருத்துவமனை அனுப்பிய நிமிடத்திலிருந்துதான் ஓடும். டாக்டர் ஒன்பதரைக்குச் சொன்னார், சம்மரி தட்டச்சு ஆகி பில் இறுதியாகி அவர்கள் அனுப்பியது எத்தனை மணிக்கு? இதைக் கேளுங்கள். பல இடங்களில் மதியம் இரண்டு மணிவரை மருத்துவமனைக்குள்ளேயே ஃபைல் சுற்றிக்கொண்டிருக்கும், பழி மட்டும் இன்சூரன்ஸ் மேல்.

ஏற்காடு மிளகுக்கொடி:

படிவம் பற்றி அண்ணன் எழுதியதைப் படித்தேன். எங்கள் மலைப்பக்கம் இன்னொரு விதம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பா நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் கூலி வேலை. போன வருடம் மிளகு பறிக்கும் சீசனில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சறுக்கிக் கீழே விழுந்துவிட்டார், தொடை எலும்பு போய்விட்டது. 108 வந்தது, அதில் வந்த தம்பி பலகை வைத்துக் காலைக் கட்டினவிதம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஊர் சுற்ற வந்தவர்களின் வண்டியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகிற நேரம், 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி அடிவாரம் வந்து சேர்வதற்குள் அப்பாவுக்கு இரண்டு தடவை மயக்கம். கீழே சேர்த்தோம், எந்த மருத்துவமனை என்று நானும் சொல்லவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆபரேஷனுக்கு ஒரு ரூபாய் செலவில்லை, அது பெரிய விஷயம், அது இல்லையென்றால் நகை நட்டு எல்லாம் போயிருக்கும்.

வார்டில் ஒருநாள் ஒரு பெண் தாளோடு வந்து கட்டில் கட்டிலாகக் கேட்டுக்கொண்டு போனது. அப்பாவிடம் "எல்லாம் எப்படி இருக்குங்கய்யா" என்றது. "நல்லா இருக்குதுங்க சாமி, ஒரு கொறையும் இல்ல" என்றார். அதுவும் எல்லாவற்றுக்கும் மிக நன்று என்று குறித்துக்கொண்டது. அப்பா பொய் சொல்லவில்லை. மலையில் பிறந்து வளர்ந்தவருக்கு, ஒரு டாக்டர் தன் காலைத் தொட்டுப் பார்த்ததே பெரிது. எங்கள் தாத்தா காலத்தில் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவர். அவரிடம் திருப்தியா என்று கேட்டால் திருப்திதான் வரும்.

ஆனால் அவருக்கு யாரும் சொல்லாதது என்ன தெரியுமா? எப்போது மறுபடி மரம் ஏறலாம் என்று. ஏறலாமா கூடாதா என்றே தெரியாது. சம்மரியில் எல்லாம் ஆங்கிலம். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். பஸ் பிடித்து இறங்கினோம், அன்றைக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டு நாளைக்கு வாங்க என்றார்கள். மலையிலிருந்து இரண்டு நாள் வருவது என்றால் அவர் கூலியும் போச்சு, கூட வருகிற என் கூலியும் போச்சு. நாங்கள் நாளைக்குப் போகவில்லை. அப்பா இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறார். இது எந்தத் தாளிலும் ஏறவில்லை, ஏனென்றால் அப்பா சந்தோஷமாக இருக்கிறார்.

ஓமலூர் கிளினிக்:

நான் டாக்டர், படித்து முடித்து ஆறு வருடம், ஓமலூர்ப் பக்கம் சின்ன கிளினிக். மிளகுக்கொடி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ரொம்ப நன்றி.

திருப்தியை மட்டும் வைத்து அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் மேஜையே சாட்சி. காய்ச்சல், மூக்கில் தண்ணீர், உடம்பு வலி என்று வருகிறார்கள், வைரஸ் காய்ச்சல், பாராசிட்டமால் போதும், நிறைய தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள், இந்த இந்த அறிகுறி வந்தால் உடனே வாருங்கள் என்று ஐந்து நிமிடம் விளக்கிச் சொன்னால், "ஊசி போடலையா டாக்டர்?" என்று முகம் வாடிப்போகிறது. பக்கத்துத் தெருவில் ஒரு ஊசியும் ஒரு பாட்டில் ட்ரிப்ஸும் நான்கு கலர் மாத்திரையும் கிடைக்கும், அங்கே போய்விடுவார்கள், அங்கே திருப்தி. அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் வந்தது. மருத்துவமனைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை எச்-கேப்ஸ் மார்க்கோடு இணைத்தார்கள். வலியைக் குறைக்க எல்லாம் செய்தார்களா என்ற கேள்விக்கு மார்க் குறையக் கூடாது என்பதற்காகவே போதை தரும் வலி மருந்துகளை எழுத வேண்டிய நெருக்கடி வருகிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள், 2018 நிதியாண்டிலிருந்து அந்தக் கேள்வியைப் பணக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

2012இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் ஏறத்தாழ 52,000 பேரின் விவரங்களை வைத்துப் பார்த்தார்கள். தங்கள் டாக்டரிடம் மிக அதிகத் திருப்தி என்று சொன்னவர்களுக்கு மருத்துவச் செலவும் கூடுதல், மருத்துவமனையில் சேர்வதும் கூடுதல், இறப்பும் 26 சதவீதம் கூடுதலாக இருந்தது. திருப்திதான் கொன்றது என்று இதற்கு அர்த்தம் இல்லை, இரண்டும் சேர்ந்து போவதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அதை வைத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, நோயாளி சொல்வதைக் கணக்கில் எடுக்கக் கூடாது" என்று என்னோடு படித்தவர்களே வாதாடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடுத்த வருடமே, 2013இல், இங்கிலாந்தில் 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நோயாளியின் அனுபவம் நன்றாக இருக்கும் இடத்தில் சிகிச்சையின் பலனும் பாதுகாப்பும் நன்றாகவே இருக்கின்றன என்று கண்டார்கள். சிரித்தார்களா, ஊசி போட்டார்களா, மனசு குளிர்ந்ததா என்பது ஒன்று. என்ன நடக்கிறது என்று சொன்னார்களா, நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்களா, வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனேனா என்பது வேறு. இரண்டாவது, சிகிச்சையின் ஒரு பகுதி. சூரமங்கலம் ஐயா, உபசாரம் என்று நீங்கள் சொன்னது முதலாவதுக்குப் பொருந்தும். அந்த அம்மாவின் கண்ணாடி பைக்குள்ளேயே கிடந்ததும், மலையில் அந்த அப்பா சாய்ந்து நடப்பதும் உபசாரக் குறை இல்லை ஐயா, மருத்துவக் குறை.

மிளகுக்கொடி, அப்பாவை ஒருதடவை எலும்பு மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். கால் நீளம் குறைந்திருக்கிறதா, எலும்பு கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய எக்ஸ்ரே, சம்மரி எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், சேர்ந்திருந்த மருத்துவமனையில் மருத்துவப் பதிவேட்டின் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. மலையிலிருந்து வருகிறோம், எக்ஸ்ரேயும் டாக்டரும் ஒரே நாளில் முடியும்படி செய்து கொடுங்கள் என்று ஓ.பி. சீட்டு போடும்போதே சொல்லிவிடுங்கள், அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. அதுவரை மரம் ஏற விட வேண்டாம்.

ஓய்வு பெற்றவன் சூரமங்கலம்:

டாக்டர் தம்பி, ஒத்துக்கொள்கிறேன். அம்மா போன அந்த மூன்று மாதத்தில் எங்களிடமும் யாரும் எதையும் சொல்லவில்லை. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பதே அவர் போன பிறகு வேறு ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நைட் ட்யூட்டி:

ஐயா... மனசு கஷ்டமாக இருக்கிறது.

கன்னங்குறிச்சி மகள்:

ரிவ்யூவுக்குப் போய்விட்டு வந்தேன், அதனால் திரும்ப எழுதுகிறேன்.

முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். "திருப்தி", "அதிருப்தி" என்ற வார்த்தைகளே வராமல் எழுத வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன், நடந்ததை மட்டும். ஆபரேஷன் எத்தனை மணிக்கு, அம்மா எத்தனை மணிக்கு மாட்டைக் கட்டச் சொன்னார், யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், யார் என்ன சொல்லவில்லை, கண்ணாடி எங்கே இருந்தது, டிஸ்சார்ஜ் அன்று எத்தனை மணிக்கு என்ன. நான் போட்ட ஐந்து நட்சத்திரங்கள் உண்மையில்லை என்றும் எழுதினேன். டாக்டரின் வேலை எவ்வளவு நன்றாக இருந்தது என்பதையும் விடவில்லை, அதுவும் நடந்ததுதானே. பிசியோதெரபிப் பெண் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி, இதை முதல் ராத்திரியே சொல்லியிருந்தால் போதும் என்று முடித்தேன்.

தரப் பிரிவில் இருந்த அம்மாளிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். இன்சூரன்ஸுக்கு எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டதற்குக் கம்ப்யூட்டரில் பார்த்து மதியம் 2.50 என்றார். படிவம் தயாரித்த அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இடுப்பு ஆபரேஷனுக்கு வருகிற வயசானவர்களின் வீட்டாருக்கு ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்துக் கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் பேசுகிறேன் என்றார். செய்வார்களா தெரியாது, அடுத்த மாதம் ரிவ்யூவுக்குப் போகும்போது கேட்பேன்.

அம்மாவை நடத்தியதில் எந்த வித்தியாசமும் இல்லை. எக்ஸ்ரே பார்த்தார்கள், வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடிக்கு மாறலாம் என்றார் டாக்டர்.

வெளியே வரும்போது அந்த ராத்திரி சிஸ்டரை லிஃப்ட் பக்கத்தில் பார்த்தேன். பெயர் கேட்டேன். இரண்டாவது ராத்திரி, ட்யூட்டி முடிகிற நேரத்தில், அம்மாவின் தலையை அவர்தான் பின்னிவிட்டார். அதை எழுத மறந்துவிட்டிருந்தேன். திரும்பிப் போய்க் கடிதத்தை வாங்கி, கடைசியில் அவர் பெயரோடு அதையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மிளகுக்கொடி, அப்பாவை எப்போது கூட்டிவருகிறீர்கள்? இரண்டு நாள் ஆகும் என்றால் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

ஏற்காடு மிளகுக்கொடி:

பார்த்தேன் அக்கா. அப்பாவிடம் சொன்னேன், வருகிற புதன்கிழமை குப்பனூர் வழி பஸ்ஸில் வருகிறோம்.